நம் குரலை நாமே பதிவு செய்வோம்

புத்தளம் களப்புக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்கிராமங்களுள் எத்தாளையும் ஒன்று. அண்மையில் அங்குள்ள இளைஞர் குழுவினரோடு நாம் கூடியிருந்தபோது, அவர்கள் ஓர் இறுவட்டைப் போட்டுக் காட்டினார்கள். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஊரில் பணம் சேர்த்து, நகரத்திலுள்ள ஓர் ஒலிப்பதிவுக் கூடத்திற்குச் சென்று பதிவு செய்த பாடல் அது. கரைவலை இழுக்கும்போது பாடப்படும் அம்பாப் பாடல்.

கேட்பதற்குப் பளபளப்பாகத்தான் இருந்தது. விசைப்பலகை இசையும் இயந்திர மேளமும் முன்னே நின்றன. பாடிய மாணவியின் குரல் சினிமாப் பாடகியின் குரல்போல் ஒலித்தது. “தங்கச்சி, உங்கட ஊர்த் தமிழ் வெளியாட்களுக்கு விளங்காது, மாத்திப் பாடுங்க” என்று அங்கே சொல்லப்பட்டதாம். பாடலை அவளுக்குக் கற்றுக்கொடுத்த அவளுடைய தாத்தாவும் எம்மோடு இருந்தார். இளமையில் வலை இழுத்தவர். இறுதிவரை கேட்டுவிட்டு, “சுவாமி, இது எங்கட பாட்டுத்தானா?” என்று கேட்டார். எவராலும் பதில் சொல்ல முடியவில்லை.

அம்பா என்பது பொழுதுபோக்குப் பாடல் அல்ல. ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் ஏற்றுப் பாடுவார்கள். ஏற்றுப் பாடும் அந்த நொடியில் எல்லாக் கைகளும் ஒன்றாகக் கயிற்றை இழுக்கும். பின்னர் பல கரைகளில் உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் கயிற்றைச் சுற்றத் தொடங்கியது. வின்ச்சுக்குப் பாட்டுத் தேவையில்லை. ஆகவே பாடத் தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் பாடும் விதத்திலேயே பதிவு செய்யாவிட்டால், எமக்கு மிஞ்சப்போவது அந்த இறுவட்டு மாத்திரமே.

அலுமாரியில் இருந்த கருவி

மீண்டும் நகரத்திற்குச் செல்லப் பணமில்லை. அப்போது ஓர் இளைஞர், கொரோனாக் காலத்தில் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது பிள்ளைகளின் படிப்புக்காக வாங்கிய டெப் கணினியை நினைவூட்டினார். மூலையில் வெடிப்பு விழுந்த நிலையில் அது அலுமாரியில் கிடந்தது. பாடகர் குழுவில் ஒரு கிற்றாரும் இருந்தது. மாணவி கிற்றார் வாசிக்கக் கூடியவள். வேறென்ன வேண்டும்?

“அம்பாவுக்குக் கிற்றாரா?” என்று சிலர் ஆட்சேபித்தார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றோர் அரை நூற்றாண்டுக்கு முன்னரே கிற்றாரின் துணையோடு நம் நாட்டுப் பேச்சுத் தமிழைப் பாடி, கடல் கடந்தும் கேட்க வைத்தார்கள். பாடலை முதலில் தாத்தா வெறுங்குரலில் பாடுவது, பின்னர் பேத்தி கிற்றாரோடு பாடுவது, இரண்டையும் பதிவு செய்வது என்று முடிவாயிற்று.

முதல் தோல்வி

ஒரு பிற்பகல் மண்டபத்தில் டெப்பை மேசைமேல் வைத்துப் பதிவு செய்தோம். போட்டுக் கேட்டபோது காற்றின் இரைச்சல், தோட்டத்து நீர்ப்பம்பியின் சத்தம், மின்விசிறியின் முனகல் ஆகியனவே முதலில் கேட்டன. சீமெந்துச் சுவர்களில் மோதிய குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் இருந்தது. கிற்றாரின் ‘தும் தும்’ ஒலி குரலை விழுங்கிவிட்டது. கருவி மலிவானது என்று சிலர் குறை கூறினார்கள். குறை இடத்திலும் நேரத்திலும் தூரத்திலும்தான் இருந்தது என்பதைப் பின்னர் கண்டுகொண்டோம்.

நாம் கற்றுக்கொண்டவை

இடம்: வலைகள் குவித்து வைத்திருந்த சிறு களஞ்சிய அறைக்கு மாறினோம். வலைக்குவியலும், சுவரோரம் நிறுத்திய மெத்தைகளும், கயிற்றில் தொங்கவிட்ட தடித்த போர்வைகளும் எதிரொலியை வெகுவாகக் குறைத்தன. மெல்லிய துணியால் பயனில்லை.

நேரம்: காற்று எழுவதற்கும் பம்பிகள் இயங்குவதற்கும் முன்னரான விடியற்காலையே சிறந்தது. மின்விசிறியை நிறுத்த வேண்டும். அழைப்புகள் குறுக்கிடாதபடி டெப்பை விமானப் பயண நிலையில் வைக்க வேண்டும்.

தூரம்: டெப்பின் ஒலிவாங்கி விளிம்பிலுள்ள ஒரு சிறு துளைதான். அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, உறையோ கையோ அதை மறைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கிற்றாரின் நடுத்துளைக்கு நேரே வைத்தால் கனத்த ஒலியே மிகும். கழுத்து பெட்டியோடு சேரும் இடத்தை நோக்கி, ஒன்று அல்லது ஒன்றரைச் சாண் தள்ளி வைத்தால் தந்தியின் ஒலி தெளிவாக விழும். பாடும்போது வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால், ‘ப’ என்ற எழுத்தில் மூச்சு மோதாது. டெப்பின் கீழ் மடித்த துவாய் ஒன்றை வைத்தால் மேசையின் அதிர்வு ஏறாது.

அளவு: பாடலில் மிக உரத்துப் பாடும் வரியை முதலில் பாடிப் பார்த்து, ஒலிமானி சிவப்பைத் தொடாதபடி அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மெதுவாகப் பதிவானதைப் பின்னர் உயர்த்தலாம். சிதறிப் பதிவானதைச் சரிசெய்வது அரிது.

முறை: கிற்றாரையும் குரலையும் ஒன்றாகப் பதிவு செய்தால் உயிர்ப்பு இருக்கும். எது ஓங்கி ஒலிக்கிறதோ அதைச் சற்று விலக்கிச் சமன்செய்யலாம். தனித்தனியாகப் பதிவு செய்வதானால், முதலில் பதிந்த கிற்றாரைக் காதுக்கருவியில் கேட்டுக்கொண்டே பாட வேண்டும். அது கம்பியுள்ளதாக இருக்கட்டும். புளூடூத் காதுக்கருவியில் ஒலி பிந்தி வருவதால் தாளம் தவறும்.

சேமிப்பு: எம்பி3 ஆகச் சுருக்காமல் வேவ் வடிவிலேயே மூலப்பிரதியை வைத்திருக்க வேண்டும். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், ஒற்றைத் தடம் என்றால் நிமிடத்திற்கு ஏறக்குறைய 8.6 மெகாபைட் பிடிக்கும். நான்கு நிமிடப் பாடலுக்கு 35 மெகாபைட் போதும். டெப்பில் ஒரு பிரதி மட்டும் இருந்தால், டெப் கடலில் விழும் நாளில் பாட்டும் விழும். வேறு இரண்டு இடங்களிலாவது பிரதி வையுங்கள்.

பெரியோரும் செய்ததுதான்

அமெரிக்காவில் 1933இல் ஜோன் லோமக்ஸும் அவரது மகன் அலனும் நாட்டுப்பாடல்களைத் தேடிப் பயணம் செய்தபோது, அவர்களது காரில் இருந்த பதிவுக்கருவியின் எடை 315 இறாத்தல். ஐபேட் விற்பனைக்கு வந்த 2010ஆம் ஆண்டிலேயே, ‘கொரில்லாஸ்’ குழுவின் டேமன் அல்பான் வட அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின்போது பெரும்பாலும் அதிலேயே ஒரு முழு இசைத்தொகுப்பை உருவாக்கி, அவ்வாண்டு நத்தார் தினத்தன்று வெளியிட்டார். எமது அலுமாரியில் கிடந்த கருவியும் அதே இனத்தைச் சேர்ந்ததே. வசதியில்லை என்று சொல்லிக் கைகட்டி நிற்க எமக்கு இனிக் காரணமில்லை.

பாட்டு யாருடையது?

இரண்டு விடியற்காலைகளில் வேலை முடிந்தது. முதல் நாள் தாத்தா பாடினார். நடுவில் ஒரு வரி மறந்துபோக, கண்ணை மூடி அந்த இடத்தை முனகலாலேயே கடந்தார். ஓரிடத்தில் இருமினார். மறுநாள் பேத்தி, தாத்தா சொல்லும் விதமாகவே சொற்களைச் சொல்லிப் பாடினாள். எடுத்துக்கொடுக்கும் வரிகளைத் தாத்தா பாட, ஏற்றுப் பாடும் வரிகளைக் கிற்றாரோடு அவள் பாடிய பதிவும் ஒன்று உண்டு.

இருமலை வெட்டிவிடலாமா என்று இளைஞர்கள் கேட்டார்கள். “வெட்டாதீங்க. அதுவும் கடல் தந்ததுதானே” என்றார் பெரியவர். வலைத்தளத்தில் போடலாமா என்று கேட்டபோது சற்று யோசித்தார். “எல்லாருக்கும் குடுங்க. ஆனா முதல்ல கரையில போட்டுக் காட்டுங்க.”

அவ்வாறே செய்தோம். வாடியருகே சிறிய ஒலிபெருக்கியில் பாடல் ஒலித்தபோது, வயதான மூவர் தம்மை அறியாமலே ஏற்றுப் பாடினார்கள். தாத்தாவுக்கு மறந்துபோன அந்த வரி அவர்களில் ஒருவருக்கு நினைவிருந்தது. டெப் கையில்தான் இருந்தது. அந்த இடத்திலேயே அதையும் பதிவு செய்துகொண்டோம். காற்றும் அலையும் அதில் கேட்கின்றன. அதை நாம் குறையாக எண்ணவில்லை.

குழுக்களில் கலந்துரையாட

1. உங்கள் ஊரில் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த பாடல் எது? அவருக்கு வயது என்ன?

2. அதை அவரது பேச்சு வழக்கிலேயே பதிவு செய்ய, உங்களிடம் ஏற்கனவே உள்ள கருவிகள் எவை?

3. பதிவு செய்வதற்கும் பிறருக்குக் கொடுப்பதற்கும் அவரது சம்மதத்தைக் கேட்டீர்களா? பிரதியை யார் பாதுகாப்பார்?