புதன்கிழமை யாருடைய பொறுப்பு?

இலங்கையில் கல்வி கற்ற எமக்குச் சமயம் என்பது பாடசாலைப் பாடம். சைவநெறி, கத்தோலிக்கம், இஸ்லாம் என அவரவர் சமயத்தைக் கற்று, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையிலும் விடை எழுதினோம். ஆகவே, பிள்ளைக்குச் சமயம் புகட்டுவது ஆசிரியரின் கடமை என்ற எண்ணம் எம்மிடம் ஊறிவிட்டது. சார்செலிலும் லா சப்பலிலும் அந்த எண்ணத்துடனேயே பிள்ளைகளை வளர்க்கின்றோம். இங்குள்ள அரச பாடசாலையோ அப்பணியைச் செய்வதில்லை.

இதனாற் பிரெஞ்சுப் பாடசாலையைச் சமயத்தின் பகை என எம்மவரிற் சிலர் கருதுவர். வரலாறு வேறுவிதமானது. 1882 மார்ச் 28ஆம் திகதிச் சட்டம், அரச ஆரம்பப் பாடசாலைகளிற் சமய போதனைக்குப் பதிலாக ஒழுக்கவியலையும் குடியியலையும் வைத்தது. அதே சட்டம், விரும்பும் பெற்றோர் பாடசாலைக்கு வெளியே பிள்ளைகளுக்குச் சமயம் கற்பிக்கவென ஞாயிறு தவிர வாரத்தில் இன்னொரு நாளையும் ஒதுக்கியது. நெடுங்காலம் வியாழனாக இருந்த அந்நாள் 1972இல் புதனாயிற்று. இடைநிலை மாணவருக்கும் புதன் பிற்பகல் பெரும்பாலும் ஓய்வே. அரசு அப்பணியை மறுக்கவில்லை, எம்மிடம் ஒப்படைத்தது.

நாம் அதை ஏற்றோமா? யூதரும் முஸ்லிம்களும் கல்தேயக் கிறிஸ்தவரும் தமிழரும் அருகருகே வாழும் நகரம் சார்செல். 2016இல் நடைமுறைக்கு வந்த கொலேஜ் வரலாற்றுப் பாடத்திட்டத்தில் யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம் ஆகியவற்றின் தோற்றம் இடம்பெற்றது. சைவத்துக்குத் தனியிடம் இல்லை. லா சப்பல் மாணிக்க விநாயகர் ஆலயத் தேர்த் திருவிழாவில் ஏன் இத்தனை தேங்காய்களை உடைக்கின்றீர்கள் என வகுப்புத் தோழன் வினவினால், எம் பிள்ளை என்ன சொல்லும்? ஓடு ஆணவத்தையும் உள்ளிருக்கும் வெண்மை தூய உள்ளத்தையும் குறிக்கும் என்பது பெரியோர் தரும் விளக்கம். அதை நாம் சொல்லிக் கொடாவிடில், பிள்ளை நாளடைவில் ஆலயம் வரவே கூசும்.

பிள்ளை அத்துடன் நிற்காது. சிதறிய ஓடுகளைக் கூட்டுவது யார் என்றும் கேட்கும். கொலேஜிலும் லிசேயிலும் வகுப்புக்கு ஒரு சுற்றுச்சூழற் பிரதிநிதியை மாணவர் தெரிவுசெய்வது 2020இல் கட்டாயமாக்கப்பட்டது. குப்பையைக் குறைப்பதும் மின்சாரத்தை வீணாக்காமற் காப்பதும் அவர்கள் கற்கும் அறம். வீதியை அசுத்தமாக்கிவிட்டுப் பக்தி பேசினால் அவர்கள் அதனை ஏற்கமாட்டார்கள், ஏற்கவும் வேண்டியதில்லை.

இவ்விரு கல்வியையும் இணைக்கும் நூல் எம்மிடம் உண்டு. திருக்குறளின் முதலாம் அதிகாரம் கடவுள் வாழ்த்து. இரண்டாவது, மழையைப் போற்றும் வான்சிறப்பு. நான்காவது, அறன் வலியுறுத்தல். சமயமும் இயற்கையும் அறமும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன. சைவரும் கத்தோலிக்கரும் ஒருங்கே படிக்கத்தக்க நூல் அது.

பெற்றோரே, வேலைப்பளு பெரிதென்பது உண்மையே. எனினும் புதன் பிற்பகலில் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு குறளைப் படித்து, பிள்ளையின் வினாக்களுக்குப் பொறுமையுடன் காரணம் சொல்லுங்கள். காரணம் அறிந்து கைக்கொண்ட சமயமே அந்நிய மண்ணிலும் நிலைக்கும்.