ஆன்டிபயாடிக்குக்குப் பின் நிற்காத பேதி

ஆன்டிபயாடிக் சாப்பிட்டு முடித்த ஒன்றிரண்டு வாரங்களில் வயிறு கலங்கினால், “மாத்திரைச் சூடு” என்று மோரைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறோம். பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். அடங்காவிட்டால் அலட்சியம் கூடாது. கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியா உள்ளே வேலையைத் தொடங்கியிருக்கலாம். 65 வயதைத் தாண்டியவர்களுக்கும், மருத்துவமனையில் நாள்கணக்கில் படுத்திருந்தவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம்.

நம் குடலின் உட்சுவரில் இருப்பது ஒற்றை வரிசைச் செல்கள்தான். அதன்மேல் கோழைப் படலம். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே இறுக்கமான புரதப் பிணைப்பு. குடலுக்குள் கோடானுகோடி பாக்டீரியாக்கள் இருந்தும் அவை ரத்தத்தில் கலக்காமல் காப்பது இந்த மெல்லிய வேலிதான்.

ஆன்டிபயாடிக் நோய்க்கிருமியோடு குடலில் காலங்காலமாகக் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்து அழிக்கிறது. அந்தக் காலி இடத்தில் டிஃபிசில் பெருகி, ஏ, பி என்ற இரண்டு நச்சுகளைச் சுரக்கிறது. செல்லுக்குள் நுழையும் நச்சு, ரோ என்ற புரதத்தின்மேல் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை ஒட்டிவைக்கிறது. அத்தோடு அந்தப் புரதம் முடங்கிவிடுகிறது. அதை நம்பி நின்ற, செல்லுக்கு வடிவம் தரும் ஆக்டின் இழைகள் குலைகின்றன. செல் உருண்டு சுருங்க, பக்கத்துச் செல்லோடு இருந்த பிணைப்பு விட்டுப்போகிறது. அந்த இடைவெளிகள் வழியே நீர் குடலுக்குள் கசிந்து பேதியாகிறது. பாக்டீரியாவும் திசுவுக்குள் இறங்க வழி கிடைக்கிறது. முற்றினால் பெருங்குடல் வீங்கி உயிருக்கே ஆபத்தாகும். 1935-இல் பச்சிளங்குழந்தைகளின் மலத்தில் கண்டறியப்பட்ட இந்தக் கிருமிதான் இந்தக் குடல் அழற்சிக்குக் காரணம் என்பது 1978-இல்தான் தெளிவானது.

ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் நீராகப் போனாலோ, கூடவே காய்ச்சல், வயிற்று வலி இருந்தாலோ, மலத்தில் ரத்தம் தென்பட்டாலோ மருத்துவரிடம் போங்கள். கடந்த மூன்று மாதங்களில் என்ன ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்கள் என்பதை நீங்களே முந்திச் சொல்லுங்கள். மலத்தில் நச்சு இருக்கிறதா என்ற பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். அதுவரை ஓ.ஆர்.எஸ். கரைசல் குடிக்கலாம். பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். இந்த நோய்க்கு வான்கோமைசின் என்ற மருந்தை வாய்வழியாகவே தருவார்கள்; நரம்பில் ஏற்றினால் அது குடலுக்குப் போய்ச் சேராது. வீட்டில் உள்ளவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவுவது முக்கியம். ஆல்கஹால் சானிடைசருக்கு இந்தக் கிருமியின் வித்துகள் சாகாது.

உரிமைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். செஃபிக்ஸிம், லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் மருந்து விதிகளின் எச்1 அட்டவணையில் வருபவை. 2014 மார்ச் முதல், மருத்துவர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்பது சட்டவிரோதம். விற்றால் நோயாளி பெயர், மருத்துவர் பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சீட்டே கேட்காமல் கொடுக்கும் கடையைப் பற்றி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் செய்யலாம். மருத்துவமனையில் இருந்திருந்தால் உங்கள் சிகிச்சைக் குறிப்புகளைக் கேளுங்கள்; கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி.

சாதாரண சளிக்கு வைரஸ்தான் காரணம். ஆன்டிபயாடிக் அதற்கு உதவாது. அடுத்த முறை சீட்டில் அது எழுதப்பட்டிருந்தால், “இது கட்டாயம் தேவையா டாக்டர்?” என்று தயங்காமல் கேளுங்கள்.