மூக்கில் விட்ட மருந்து உடம்பில் சேர்வது எப்படி?

மூக்கில் மருந்தெண்ணெய் விடும் நசியம், ஆயுர்வேதத்தின் பழைய சிகிச்சை. இன்றைய மருந்தியலும் மூக்கு வழியை நாடுகிறது. ஏன்?

மூக்கின் உள்சவ்வு மெல்லியது. பரப்பு சுமார் 150 சதுர செ.மீ. அடியில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் அடர்ந்திருக்கின்றன. விழுங்கும் மாத்திரை கல்லீரல் என்ற சுங்கச்சாவடியைக் கடக்க வேண்டும். அங்கேயே ஒரு பகுதி சிதைந்துவிடும். மூக்கில் உறிஞ்சப்படும் மருந்து அதைத் தவிர்த்து ரத்தத்தில் கலக்கிறது.

ஆனால் நுண்மயிர்கள் 15–20 நிமிடங்களில் மருந்தைச் சளியோடு தொண்டைக்குத் தள்ளிவிடும். கொழுப்பில் கரையும் சிறு மூலக்கூறுகள் அதற்குள் ஊடுருவிவிடும். எலும்புத் தேய்மானத்துக்கான கால்சிடோனின் பெரிய மூலக்கூறு. சுமார் 3 சதவீதமே ரத்தத்தில் சேரும்.

ஸ்பிரே அடிக்கும்போது தலையைச் சற்றுக் குனிந்து மெதுவாக உறிஞ்சுங்கள். வேகமாக இழுத்தால் மருந்து தொண்டைக்குப் போய்விடும்.