உங்களுக்குத் தெரியுமா? சிங்கவரத்துப் பாறைகளும் மனசின் வேலையும்

செஞ்சிக்கு வடக்கே, சிங்கவரம் மலையில் பல்லவர் காலக் குடைவரைக்குள் 24 அடி நீளத்துக்குப் பள்ளிகொண்டிருக்கிறார் ரங்கநாதர். எங்கோ செய்து கொண்டுவந்து கிடத்திய சிலை இல்லை. மலைப் பாறையிலேயே செதுக்கியது. ஆற்காட்டு நவாபோடு சண்டைக்குக் கிளம்பிய செஞ்சி மன்னன் தேசிங்குராஜன் இவரிடம் உத்தரவு கேட்டானாம். பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அதையும் மீறிப் போனவன் 1714இல் களத்திலேயே விழுந்தான்.

தேசிங்கு ஜெயித்திருந்தால் அதே முகத்தை ‘ஆசி தந்த முகம்’ என்றிருப்பார்கள் என்பது என் சந்தேகம். நடந்து முடிந்ததை ‘அப்பவே தெரியும்’ என்று மாற்றி எழுதிக்கொள்வது மனசின் பழைய வேலை. 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனா போகும் முன் ‘மாவோவைச் சந்திப்பாரா?’ என்பது போன்ற கேள்விகளை இஸ்ரேல் மாணவர்களிடம் கேட்டு வைத்தார் உளவியலாளர் பாரூக் ஃபிஷாஃப். பயணம் முடிந்தபின் அவர்களுடைய பழைய கணிப்பையே நினைவுகூரச் சொன்னார். நடந்தவற்றை முன்பே உறுதியாகச் சொல்லியிருந்ததாகப் பலரும் நம்பினார்கள். பொய் சொல்லவில்லை, நினைவே அப்படி மாறியிருந்தது.

பாறையில் முகபாவத்தைப் படிப்பதும் மனசின் வேலைதான். பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத குழந்தை, முகம் போன்ற படத்தைக் காட்டி நகர்த்தினால் கண்ணால் தொடரும். மேகத்திலும் பாறையிலும் நமக்கு முகம் தெரிவதில் வியப்பென்ன?

பக்கத்திலேயே திருநாதர்குன்று. பெரும்பாறை ஒன்றில் சமணர்களின் 24 தீர்த்தங்கரர்கள், இரண்டு வரிசையாக. பலரும் ரங்கநாதரைச் சேவித்துவிட்டு இதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள், பாவம். சந்திரநந்தி ஆசிரியர் என்ற சமணத் துறவி 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்ததை இங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு சொல்கிறது. தமிழில் ‘ஐ’ என்ற உயிரெழுத்து வரும் மிகப் பழைய கல்வெட்டுகளில் ஒன்று இது. இளைய பட்டாரர் என்பவர் 30 நாள் நோற்றதாக இன்னொரு கல்வெட்டும் உண்டு.

பட்டினி மனசை என்ன செய்யும்? அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1944-45இல் 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து 24 வாரம் அரைப்பட்டினி கிடந்தார்கள். போரில் பட்டினி கிடந்த மக்களை எப்படித் தேற்றுவது என்று அறிய ஆன்சல் கீஸ் நடத்திய ஆய்வு அது. உடம்பு மெலிந்தது எதிர்பார்த்ததுதான். மனசு போன போக்குதான் வேடிக்கை: படிப்பு, காதல், அரசியல் எல்லாம் சலித்துப்போய், சமையல் புத்தகங்களை வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தார்கள். இத்தனைக்கும் அவர்களுக்குத் தினம் இரண்டு வேளைச் சாப்பாடு இருந்தது.