பொலிவிய மலைவழிப் பயணம்

தென் அமெரிக்கக் கண்டத்தின் நடுவே, கடலைத் தொடாது அமைந்துள்ள நாடு பொலிவியா. முன்னாளில் அதற்குப் பசிபிக் மாகடலின் ஓரமாக ஒரு கடற்கரை இருந்தது. 1879-ஆம் ஆண்டில் சிலி நாட்டுடன் மூண்ட போரின் பயனாக அக்கரையை அது இழந்தது. ஆயினும் கடற்படையை மட்டும் அந்நாட்டார் இன்றளவும் கைவிடவில்லை. அப்படையின் கலங்கள், 3,800 மீட்டர் உயரத்திலுள்ள டிட்டிக்காக்கா ஏரியில் உலவி வருகின்றன. நாட்டின் மேற்கே ஆண்டீஸ் மலைத்தொடரும், அதனிடையே மேசை போற் பரந்த மேட்டுநிலமும் உள்ளன. கிழக்கே வெப்பமிக்க காடுகளும் புல்வெளிகளும் பரந்து கிடக்கின்றன. பரப்பிற் பாதிக்கு மேல் தாழ்நிலமே எனினும், பொலிவியா என்றவுடன் உலகத்தார் நினைவில் எழுவது மலையே ஆகும்.

இந்நாட்டிற்கு ஆண்டுதோறும் பல நாட்டு இளைஞர்கள், முதுகிற் சுமக்கும் பையுடன் வருகின்றனர். கணவனும் மனைவியுமாக வருவோரும் அவருட் பலர். உடை, போர்வை, கூடாரம், சிறிய அடுப்பு, அரிசி பருப்பு ஆகிய அனைத்தும் அப்பைகளிலேயே அடங்கும். செலவு குறைவு, நினைத்த இடத்திற் தங்கலாம், எவருக்காகவும் காத்திருக்க வேண்டுவதில்லை. ஆனால், சுமக்க வேண்டியதைச் சுமந்தே தீர வேண்டும். அத்தகைய இணையர் இருவர், ‘எல் சோரோ’ என்னும் பழைய மலைவழியை நடந்து கடக்க விரும்பிக் கிழக்கிலுள்ள சான்டா குரூஸ் நகரில் வந்து சேர்ந்தனர் எனக் கொள்க.

சான்டா குரூஸ் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்திலுள்ளது. அவர்கள் செல்ல வேண்டிய லா பாஸ் நகரின் உயரமோ ஏறத்தாழ 3,600 மீட்டர். பேருந்திற் புறப்பட்டு, வழியில் 2,500 மீட்டர் உயரத்திலுள்ள கோச்சபாம்பா நகரில் இரண்டு மூன்று நாள் தங்கிச் செல்லலாம்; அல்லது வானூர்தியில் ஏறி, ஒரு மணிநேரத்தில் லா பாஸின் மேல்விளிம்பாகிய எல் ஆல்ட்டோவில் இறங்கலாம். அந்த விமான நிலையம் 4,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளது. நாட்களை எண்ணிக்கொண்டு வருவோர் பெரும்பாலும் வானூர்தியையே நாடுவர். இவ்விருவரும் அவ்வாறே செய்தனர்.

அன்றிரவு கணவனுக்குத் தலை பிளப்பது போன்ற வலி உண்டாயிற்று. உணவு பிடிக்கவில்லை, குமட்டல் எடுத்தது, கண்ணயரும்போதெல்லாம் மூச்சுத் திணறி விழித்துக்கொண்டான். அவனோ நாள்தோறும் ஓடிப் பழகிய வலிய உடலினன். உடற்பயிற்சியில் அத்துணை நாட்டமில்லாத மனைவியோ சற்று இளைப்பு ஒன்றைத் தவிர வேறு துன்பமின்றி உறங்கினாள். இதிற் புதுமை ஒன்றுமில்லை. மலைநோய் வலியாரை விட்டு மெலியாரைப் பற்றும் நோயன்று. யாரை வருத்தும், யாரை விடும் என முன்னரே கூறுவது அரிது. தம் வலிமையை நம்பி விரைந்து ஏறும் இளைஞரே இதில் மிகுதியாக அகப்படுகின்றனர் என்பதும் உண்மை.

இந்நோய்க்குக் காரணம் யாது? காற்றில் உயிர்வளியின் விழுக்காடு எங்கும் ஏறத்தாழ 21 தான். மலைமேல் அது மாறுவதில்லை. மாறுவது காற்றின் அழுத்தம். லா பாஸ் நகரில் அழுத்தம், கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கே. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலைச் சேரும் உயிர்வளி அந்த அளவிற்குக் குறைந்துவிடுகின்றது. உடல் வாளாவிருப்பதில்லை. மூச்சு விரைகின்றது, நெஞ்சு விரைந்து துடிக்கின்றது, நாட்கள் செல்லச் செல்லக் குருதியிற் சிவப்பணுக்கள் பெருகுகின்றன. ஆனால் இவ்வேற்பாட்டிற்குக் காலம் வேண்டும். அக்காலத்தைக் கொடாது மேன்மேலும் ஏறினால், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், மூளை வீங்கும், உயிருக்கே இடர் நேரும். படுத்திருக்கும்போதும் மூச்சு வாங்குதல், நடை தள்ளாடுதல், பேச்சுக் குழறுதல் ஆகிய குறிகளுள் ஒன்று தோன்றினும், மேலே ஏறுவதை விட்டு உடனே கீழே இறங்குவதும் மருத்துவரை நாடுவதுமே வழி.

மறுநாட் காலையில் இருவருக்கும் கருத்து வேறுபட்டது. திரும்பும் பயணச்சீட்டின் நாள் குறிக்கப்பட்டுவிட்டது. இன்றே புறப்பட வேண்டும் என்றான் கணவன். சோரோ வழி பெரும்பாலும் இறக்கமே அன்றோ, இறங்கினால் நோய் நீங்கும் அன்றோ என்பது அவன் வாதம். வாதம் பொருத்தமாகவே தோன்றும். ஆனால் நிலத்தின் அமைப்பு அதற்கு இடந்தரவில்லை. லா பாஸிலிருந்து அவ்வழியின் தொடக்கத்தை அடைய, ‘லா கும்பிரே’ என்னும் கணவாய்க்கு ஏற வேண்டும். அதன் உயரம் 4,600 மீட்டருக்கு மேல். அங்கிருந்து மூட்டையுடன் 4,800 மீட்டருக்கும் மேலாக நடந்து ஏறிய பின்னரே இறக்கம் தொடங்கும். அங்கே நோய் முற்றினால், ஊரும் இல்லை, ஊர்தியும் இல்லை. மனைவி வரைபடத்தை விரித்து இதனைக் காட்டினாள். தலைவலி முற்றும் நீங்கும்வரை ஓர் அடியும் ஏறுவதில்லை என்று முடிவாயிற்று. பின்னர்ச் செல்வதாயிருந்த ஊயுனி உப்புவெளிப் பயணம் கைவிடப்பட்டது. பதினாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட வெண்ணிற வெளியைக் காணாது திரும்புவது சிறிய இழப்பன்று.

காத்திருந்த நாட்கள் வீணாகவில்லை. லா பாஸ் ஒரு பெருங்கிண்ணத்தின் உட்புறம் போன்றது. செல்வர் அடியில், காற்றுச் சற்று அடர்ந்த பகுதிகளில் வாழ்கின்றனர். மேலே ஏற ஏற எளியோர் வீடுகளே மிகுதி. 2014-ஆம் ஆண்டு முதல் கம்பிவட ஊர்திகள் இவ்விரு பகுதிகளையும் இணைத்து வருகின்றன. செங்குத்தான சந்துகளில், ஐமாரா இனப் பெண்கள் பல நிறக் கோடுகள் நெய்த ‘அகுவாயோ’ என்னும் சதுரத் துணியை முதுகிற் கட்டி, மார்பின்மேல் முடிந்து, குழந்தையையும் கிழங்கையும் அதிற் சுமந்து செல்வர். வாரும் கொக்கியும் பூண்ட அயல்நாட்டுப் பைகளுக்கு இத்துணி எவ்வகையிலும் இளைத்ததன்று.

சமையலிலும் அவர்கள் ஒன்று கற்றனர். அழுத்தம் குறைந்த இவ்விடத்தில் தண்ணீர் ஏறத்தாழ 88 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே கொதித்துவிடும். நீர் கொதிப்பதைக் கண்டு பருப்பை இட்டால், அது வேக நெடுநேரம் ஆகும். மலைநாட்டு மக்கள் இயற்கையின் குறையையே கருவியாக்கியவர்கள். உருளைக்கிழங்கை உறைபனி பெய்யும் இரவில் வெளியே பரப்பி, பின்னர்க் காலால் மிதித்து நீரை வெளியேற்றி, வெயிலிற் காயவைப்பர். ‘சூனியோ’ எனப்படும் அவ்வற்றல் ஆண்டுக்கணக்கிற் கெடாது, எடையும் குறைவு. இருவரும் அதனை வாங்கித் தம் பைகளில் இட்டுக்கொண்டனர்.

ஆறாம் நாள் அவர்கள் கணவாயை அடைந்தனர். பனித்துகள் வீசிற்று. பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கி உச்சியை எய்தினர். அங்கே வழிப்போக்கர் காலங்காலமாக இட்டுச் சென்ற கற்கள் குவியலாக இருந்தன. அதனை ‘அப்பச்சேத்தா’ என்பர். அதன்பின் இறக்கம். ஸ்பானியர் வருமுன்னரே கல் பாவப்பட்ட பாதை அது. பல இடங்களில் அக்கற்கள் இன்றும் பெயராமல் உள்ளன. முதல் நாள் லாமாக்கள் மேயும் புல்நிலம்; இரண்டாம் நாள் மேகம் தவழும் காடு, தொங்குபாலங்கள்; மூன்றாம் நாள் வெப்பம் மிகுந்த பள்ளத்தாக்கு. மூச்சு எளிதாயிற்று, ஆனால், ஏற்றத்தில் வருந்தாத மனைவிக்கு இறக்கத்தில் முழங்கால்கள் வலித்தன. கூடாரத்தையும் அடுப்பையும் அவள் பையிலிருந்து எடுத்துக் கணவன் தன் பையில் வைத்துக்கொண்டான். மாலையில், ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்திலுள்ள சைரோ என்னும் சிற்றூரை அவர்கள் அடைந்தபோது, கம்பளிச் சட்டைகள் பையின் அடிக்குச் சென்றுவிட்டன. அன்றிரவு உலை கொதித்த சிறிது நேரத்திலேயே பருப்பு வெந்தது.