ஒரு யூரோவுக்கு விலைபோன குழு!

ஒரு கால்பந்துக் குழுவை என்ன விலைக்கு வாங்கலாம்? இத்தாலியில், பார்மா நகரத்துக் குழு 2015-ம் ஆண்டு பிப்ரவரியில் ஒரே ஒரு யூரோவுக்குக் கைமாறியது. ஒரு காப்பிக்குக் கொடுக்கிற காசு!

சாமானியக் குழுவல்ல அது. ஐரோப்பாவின் 'யூபா' கோப்பையை 1995-லும் 1999-லும் வென்ற குழு. பார்மலாட் என்ற பால் கம்பெனி அப்போது பணத்தை வாரி இறைத்தது. 2003-ல் கம்பெனியின் பொய்க்கணக்கு வெளியாகி அது கவிழ்ந்தது. குழுவின் நல்ல காலமும் அதோடு போயிற்று.

2014-ல் தொடங்கிய பருவத்தில் ஆட்டக்காரர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. அவர்களாவது சேமிப்பை வைத்துக் காலம் தள்ளலாம். மைதானத்தில் புல் வெட்டுகிறவர் என்ன செய்வார்? காவலாட்களுக்குக் கூலி கொடுக்க வழியில்லாமல் ஓர் ஆட்டமே தள்ளிவைக்கப்பட்டது. 'கொள்ளை காரணமாக மூடப்பட்டிருக்கிறது' என்று ரசிகர்கள் மைதான வாசலில் எழுதி ஒட்டினார்கள். மார்ச் 19-ல் கோர்ட்டு, குழு திவால் என்று அறிவித்தது.

சம்பளமில்லாத அந்த ஆட்கள் ஏப்ரல் 11-ந் தேதி என்ன செய்தார்கள் தெரியுமா? பட்டியலின் உச்சியில் இருந்த யுவென்டஸை 1–0 என்று தோற்கடித்தார்கள்! அப்போது பார்மா கடைசி இடத்தில் கிடந்தது.

புதுப் பெயரில், நான்காம் பிரிவிலிருந்து குழு மறுபடி தொடங்கியது. மற்றவர்கள் பிழைப்பைத் தேடிப் போனார்கள், அதில் தவறில்லை. காப்டன் லுக்காரெல்லி மட்டும் போகவில்லை. மூன்றே வருஷத்தில், 2018-ல், குழு முதல் பிரிவுக்கு ஏறியது. அதன் பிறகுதான், நாற்பது வயதில், அவர் பூட்ஸைக் கழற்றினார்.