முடக்குவாதத்துக்கு திபெத்திய மூலிகை மருந்து... வலி குறையுமா? வழக்கமான மாத்திரையை நிறுத்தலாமா?

காலையில் எழுந்ததும் விரலை மடக்க முடியாது. டீ டம்ளரைப் பிடிக்கவே முக்கால் மணி நேரம் ஆகும். முடக்குவாதம் எனப்படும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் உள்ளவர்களுக்கு இது தினசரி வேதனை. வருஷக்கணக்கில் மாத்திரை போட்டு அலுத்துப்போன சிலர் தேடிப் போகும் வழிகளில் ஒன்று, ‘சோவா ரிக்பா’ எனும் திபெத்திய மருத்துவம். இது உண்மையில் கைகொடுக்குமா?

சோவா ரிக்பா என்றால் என்ன?

‘குணப்படுத்தும் அறிவு’ என்பது இதன் பொருள். லாசாவில் 1916-ல் தொடங்கப்பட்ட ‘மென்ட்ஸிகாங்’ மருத்துவ நிறுவனத்தை, 1961-ல் தர்மசாலாவில் மீண்டும் நிறுவினார் தலாய் லாமா. 2010-ல் இந்திய அரசு இந்த மருத்துவ முறைக்குச் சட்டப்படி அங்கீகாரம் கொடுத்தது.

மூட்டு ஏன் வீங்குகிறது?

நம்ம ஊர் வாதம், பித்தம், கபம் போல அங்கே லுங், டிபா, பேகென். இவற்றின் சமநிலை குலைந்து, ‘சூசெர்’ எனப்படும் மஞ்சள் நீர் கெட்டு மூட்டில் தேங்குவதே வீக்கத்துக்குக் காரணம் என்கிறது திபெத்திய மருத்துவம். நாடி, சிறுநீர் பார்த்து மருந்து தருவார்கள்.

நவீன மருத்துவம் சொல்வது வேறு. உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்குவதுதான் முடக்குவாதம்.

என்ன மருந்து?

* சூசெருக்கான முக்கிய மூலிகைகள்: குங்கிலியம் வகைப் பிசின், தகரை விதை, கஸ்தூரி வெண்டை விதை. மூன்றுமே தமிழ்நாட்டிலும் தெரிந்த சரக்குகள்தான்.
* ‘லும்’ எனும் மூலிகைக் குளியல்: ஜூனிபர், ரோடோடென்ட்ரான் உள்ளிட்ட ஐந்து தாவரங்களை வேகவைத்த நீரில் உடலை ஊறவைப்பார்கள். 2018-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்தது இந்தக் குளியல்.

அறிவியல் என்ன சொல்கிறது?

குங்கிலியம் வகைகளில் ஒன்றான பாஸ்வெல்லியா பிசினில் உள்ள அமிலங்கள், அழற்சியைத் தூண்டும் ஒரு நொதியைத் தடுப்பது ஆய்வகங்களில் தெரியவந்துள்ளது. வெந்நீர்க் குளியல் இறுக்கத்தைத் தளர்த்தும். ஆனால், எலும்பு அரிப்பை இந்த மருந்துகள் நிறுத்தும் என்று நிரூபிக்கும் பெரிய அளவிலான ஆய்வுகள் இல்லை.

உஷார்... உஷார்!

வலி குறைந்தால் நோய் அடங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மாத்திரைகளைத் தானாக நிறுத்தினால் மூட்டு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போகலாம். அரித்த எலும்பு பழையபடி வளராது.

‘ரின்சென்’ எனப்படும் சில விலையுயர்ந்த திபெத்திய மாத்திரைகளில் பதப்படுத்திய பாதரசம் சேர்க்கப்படுகிறது. மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர்களுக்கு ஏற்கெனவே கல்லீரல் பரிசோதனை அவசியம். கூடவே வேறு மருந்து சாப்பிட்டால் அதை டாக்டரிடம் மறைக்கவே கூடாது. கர்ப்பிணிகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

அப்போ என்னதான் செய்யலாம்?

திபெத்திய மருந்தை முயல நினைப்பவர்கள் பதிவு பெற்ற மருத்துவரிடம் மட்டும் செல்லலாம். மருந்தில் என்ன இருக்கிறது என்று கேட்டு எழுதி வாங்கி, அந்தச் சீட்டை மூட்டு வாத டாக்டரிடமும் காட்ட வேண்டும். துணை சிகிச்சையாக இருக்கட்டும். வழக்கமான மாத்திரைக்கு மாற்றாக வேண்டாம்!